கொச்சியில் பறந்த படகு கிருஷ்ணகிரியில் எழவில்லை: வேக்போர்டுக்கு எந்த புரொப்பல்லர்?

ஓசூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று போகும் வேக்போர்டு விளையாட்டுக்காக, நண்பர்கள் ஐந்து பேர் பணம் போட்டுக் கொச்சியில் பழைய 17 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். பின்னால் மெர்க்குரி 115 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டும் இன்ஜின். அவர் சொன்னது இது: "கொச்சியில ரெண்டு பேர் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தப்போ பறந்துச்சுண்ணா. இங்க கொண்டுவந்து அஞ்சு பேர் ஏறி, பின்னாடி ஒருத்தனை வேக்போர்டுல இழுத்தா படகு எழுந்திருக்கவே மாட்டேங்குது. இன்ஜின் கத்துது, மூக்கு வானத்தைப் பார்க்குது, போர்டுல இருக்கறவன் தண்ணி குடிக்கிறான். நாலு பிளேடு ஸ்டீல் புரொப்பல்லர் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள், தம்பி. அந்தக் காசில் வேறு இரண்டு புரொப்பல்லர் வாங்கி, மிச்சத்தில் பெட்ரோலும் போட்டுக்கொள்ளலாம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் துபாயில் ஒரு படகுப் பட்டறையில் 11 வருடம் இருந்தவன். 2016இல் காவேரிப்பட்டணம் பக்கம் ஊருக்கே திரும்பிவிட்டேன். இப்போது மாந்தோப்பும் பம்புசெட்டு ரிப்பேரும்தான். ஆனாலும் புரொப்பல்லர் பற்றி யாராவது கேட்டால் கை சும்மா இருக்காது.

முதலில் ஒன்று. இன்ஜின் "கத்துது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது கத்தலா, முனகலா? இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மொத்தப் பதிலும் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்டதற்கு, த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாலும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் 4,700ஐத் தாண்டவில்லை என்றும், படகு ஒருவழியாக எழுந்து, அதாவது தண்ணீர் மேல் ஏறி, ஓடியபோது ஜி.பி.எஸ்.ஸில் 50 கிலோமீட்டர் வேகம் காட்டியது என்றும் சொன்னீர்கள். அப்படியானால் அது கத்தல் அல்ல, முனகல். அந்த இன்ஜின் முழு த்ராட்டிலில் 5,000க்கும் 6,000க்கும் இடையே சுற்றியாக வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. 4,700இல் நிற்கிறது என்றால் தூக்க முடியாத சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு தள்ளாடுகிறது.

சேலத்திலிருந்து கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று தொப்பூர் கணவாயை நாலாவது கியரில் ஏற முயன்றால் என்ன ஆகும்? டிரைவர் இரண்டாவதுக்கு இறக்குவார். படகில் இறக்க கியர் கிடையாது. முன்னே, பின்னே, நியூட்ரல், அவ்வளவுதான். புரொப்பல்லரில் பொறித்திருக்கும் பிட்ச் எண்தான் உங்கள் படகின் ஒரே கியர். உங்களிடம் இருப்பது டாப் கியர். கொச்சியில் இரண்டு பேரோடு சமதளத்தில் போனபோது அது இனித்தது. இங்கே ஐந்து பேர், சாமான், பின்னால் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். இது தொப்பூர்.

அது டாப் கியர் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் அனுப்பிய படத்தில் எண் தேய்ந்து போயிருந்தது. சாக்பீஸை எடுத்து அந்த இடத்தில் நன்றாகத் தேய்த்து, விரலால் மேலே மட்டும் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள் என்றேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கியது. 13, அதன் பக்கத்தில் 19. முதல் எண் விட்டம், பிளேடு நுனிகள் சுற்றும் வட்டத்தின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச். திருகாணி மரத்துக்குள் ஏறுவது போல, வழுக்காமல் ஏறினால் ஒரு சுற்றுக்கு 19 அங்குலம் முன்னேறும் என்று அர்த்தம். பிளேடுகளுக்கு நடுவே உருளையின் மேலோ, விளிம்பிலோ இதைத் தேடினால் கிடைக்கும்.

தண்ணீர் மரம் அல்ல, வழுக்கும். எவ்வளவு வழுக்குகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இன்ஜின் 4,700 சுற்று. கீழே மாறாத கியர் விகிதம் 2.07க்கு 1, அதனால் புரொப்பல்லர் சுற்றுவது நிமிடத்துக்கு சுமார் 2,270 முறை. 19 அங்குலம் என்றால் 48 சென்டிமீட்டர் சொச்சம். பெருக்கினால் நிமிடத்துக்கு 1,096 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 66 கிலோமீட்டர். ஜி.பி.எஸ். காட்டியது 50. நூற்றுக்கு 24 வழுக்கிப் போகிறது. இதைத்தான் ஸ்லிப் என்பார்கள். சும்மா ஓடும் படகில் 10, 15 இருந்தால் நல்லது. சுமையோடு 20ஐ ஒட்டி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எழுந்திருக்கும் அந்த முதல் சில விநாடிகளில் ஸ்லிப் இதைவிடப் பல மடங்கு இருக்கும், அது எல்லாப் படகுக்கும் பொது.

இப்போது 15 பிட்ச் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். 150 முதல் 200 வரை கூடும் என்பது பட்டறைக் கணக்கு. நாலு அங்குலம் குறைக்கிறோம். 4,700 என்பது 5,300 முதல் 5,500 வரை வந்து நிற்கும். 5,500 என்றே வைத்தால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,657 சுற்று, ஒரு சுற்றுக்கு 38 சென்டிமீட்டர், மணிக்கு 60 கிலோமீட்டர் சொச்சம். ஸ்லிப் 18ஆகக் குறைந்தால் கையில் கிடைப்பது அதே 50 கிலோமீட்டர்! சுமையோடு போகும்போது உங்கள் டாப் ஸ்பீடில் எதுவும் குறையப் போவதில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது இன்ஜின் தன் பலம் இருக்கும் சுற்றுக்குச் சட்டென்று ஏறிவிடும். வேக்போர்டுக்கு எப்படியும் 30 முதல் 38 கிலோமீட்டர் வேகம்தான் தேவை, புதிதாகப் பழகுபவர்களுக்கு அதற்கும் குறைவு. அந்த 35இல் இன்ஜின் 4,000 சுற்றை ஒட்டி நிம்மதியாக ஓடும். த்ராட்டிலில் பாதி மிச்சம் இருப்பதால், ஆள் திரும்பி இழுக்கும்போது வேகம் தொய்யாது. வேக்போர்டில் இழுவை சீராக இருப்பதுதான் முக்கியம். தாண்டுவதற்கு முன் ஆள் கயிற்றை விசையோடு இழுப்பார், அந்த நேரம் படகு இரண்டு கிலோமீட்டர் குறைந்தாலும் குதிப்பு பாழ்.

ஆகவே என் பதில்: மூன்று பிளேடு, அலுமினியம், 13¾ விட்டம், 15 பிட்ச். உங்கள் இன்ஜினுக்கு எல்லாரும் வைத்திருக்கும் சாதாரண அளவு. விட்டம் முக்கால் அங்குலம் கூடுவதைக் கவனித்தீர்களா? பிட்ச் குறையக் குறைய விட்டத்தைக் கொஞ்சம் கூட்டியே செய்வார்கள், 17 பிட்சுக்கு 13¼ வரும். அவுட்போர்டில் விட்டத்தை நாம் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, பிட்சோடு சேர்ந்தே அது வந்துவிடும்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது. இவற்றைச் செய்யாமல் கடைக்குப் போனால் என்னைப் போல் அவமானப்படுவீர்கள்.

துபாய்க்குப் போன முதல் வருடம். ஒரு கஸ்டமர் படகோடு வந்தார், எழவில்லை என்றார். நான் பெரிய மேதை போல பிட்ச் 17ஐக் கழற்றி 15 போட்டேன். சரியாகவில்லை. 13 போட்டேன். அப்போதும் படகு ஆமை மாதிரிதான் போனது, ஆனால் ஆர்.பி.எம். மட்டும் சர்ரென்று 6,000. பெரிய மேஸ்திரி வந்தார், மலையாளி, ஒரு வார்த்தை பேசவில்லை. கஸ்டமரின் பழைய புரொப்பல்லரை மாட்டச் சொன்னார். சாக்பீஸால் உள்ளே இருக்கும் ஹப்பிலிருந்து வெளி உருளை வரை நேர் கோடு ஒன்று போட்டார். ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கோடு இரண்டாக உடைந்து, உள்கோடு ஒரு பக்கம், வெளிக்கோடு இரண்டு விரல் தள்ளி இன்னொரு பக்கம். நடுவில் இருக்கும் ரப்பர் ஹப் பிடி விட்டுப் போயிருந்தது. ஷாஃப்ட் சுற்றுகிறது, பிளேடு கூடவே சுற்றவில்லை. நான் போட்டுப் பார்த்த 15உம் 13உம் பட்டறையில் கிடந்த பழையவை, அவற்றிலும் ஹப் போயிருந்தது என்பது தனிக் கதை. ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதனால்தான் கத்தலா முனகலா என்று கேட்டேன். ஆர்.பி.எம். ஏறாமல் முனகினால் சுமைக்குப் பிட்ச் அதிகம். ஆர்.பி.எம். எகிறி, வேகம் மட்டும் வரவில்லை என்றால் பிட்சைத் தொடாதீர்கள். ஒன்று ஹப் போயிருக்கும், அல்லது பிளேடு காற்றை உறிஞ்சுகிறது. மேல்பரப்பிலிருந்து காற்றோ, இன்ஜின் புகையோ பிளேடுக்குள் இழுக்கப்பட்டால் அது தண்ணீரைப் பிடிக்காது, வெறுங்கையால் எண்ணெய்ப் பாத்திரத்தைப் பிடிப்பது போல. இதை வென்டிலேஷன் என்பார்கள். நம் ஆட்கள் இதற்கும் கேவிட்டேஷன் என்றே சொல்லிவிடுகிறார்கள், அது வேறு. பிளேடின் முதுகில் அழுத்தம் அளவுக்கு மேல் குறைந்து, தண்ணீரே சாதாரண வெப்பத்தில் கொதித்துக் குமிழாகி வெடிப்பதுதான் கேவிட்டேஷன். அது வந்தால் பிளேடில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிப் புள்ளியாக அரித்திருக்கும். புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கிறதே, அது படகின் அடிப்பாகத்துக்குச் சமமாகவோ அதிகபட்சம் ஓர் அங்குலம் மேலேயோ இருக்கிறதா என்று நீளமான நேர் மரச்சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். இன்ஜினை ரொம்ப உயர மாட்டியிருந்தால் திருப்பத்தில் காற்று வாங்கும்.

உங்களுக்கு முனகல்தான், சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். செலவு ஒரு ரூபாய்.

இரண்டாவது வேலை, எடை. கொச்சியில் வருடக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக்கிடந்த பழைய ஃபைபர் படகு என்றால் தளத்துக்கு அடியில் இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்து ஊறியிருக்க வாய்ப்பு உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. நூறு, இருநூறு கிலோ கூட உள்ளே உட்கார்ந்திருக்கும். இதற்கு நம் மாவட்டத்தில் இருக்கும் வசதி வேறெங்கும் கிடையாது: கல்லுக்கும் மாங்காய்க்கும் வைத்திருக்கும் எடை மேடைகள். டிரெய்லரோடு படகை ஏற்றி ஒரு சீட்டு, படகை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லருக்கு ஒரு சீட்டு. கழித்தால் படகின் உண்மையான எடை. கம்பெனி சொல்லும் எடையோடு இன்ஜின், பேட்டரி, பெட்ரோல் எடையைக் கூட்டி ஒப்பிடுங்கள். 150 கிலோவுக்கு மேல் இடித்தால் முதலில் ஃபோமைப் பாருங்கள். ஊறிய படகுக்குப் பிட்ச் குறைப்பது, பஞ்சரான டயரோடு கியர் மாற்றுவது மாதிரி.

மூன்றாவது, உயரம். இதைப் பெரிய காரணமாக நினைத்து உங்கள் நண்பர் ஒருவர் வாதாடினாராம். பாதி சரி. கொச்சி கடல் மட்டம். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர், ஓசூர் ஏறக்குறைய 900. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் நூற்றுக்கு 3 பங்கு பலத்தை இழக்கும். காற்று மெலிந்து போவதுதான் காரணம். ஃப்யூவல் இன்ஜெக்ஷன் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளுமே தவிர, இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? ஆகக் கிருஷ்ணகிரியில் 115இல் 5, 6 குதிரை போச்சு. சித்திரை வெயிலில் இன்னும் ஒன்றிரண்டு. ஓசூர் உயரத்தில் 10 குதிரை வரை. ஆனால் புரொப்பல்லர் தின்னும் பலம் சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதனால் பலம் 5 சதவீதம் குறைந்தால் சுற்று குறைவது 2 சதவீதத்துக்கும் கீழே, நூறு ஆர்.பி.எம். கூட இல்லை. உங்களுக்கோ 5,500 வர வேண்டிய இடத்தில் 800 குறைந்திருக்கிறது. மிச்சம் முழுக்க ஆள் எடையும் இழுவையும். அதனால் உயரத்துக்காக ஓர் அங்குலப் பிட்ச் குறைத்தால் போதும். 17 போதுமே என்று யோசிப்பவர்களுக்கு நான் 15 சொல்வதில் அந்த ஓர் அங்குலமும் சேர்ந்திருக்கிறது.

இப்போது நாலு பிளேடு ஸ்டீல் விஷயம். சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, உங்கள் இடத்துக்குச் சொல்லவில்லை. நாலு பிளேடு தண்ணீரை அதிகப் பரப்பில் பிடிக்கும், அதிர்வு குறையும், விழுந்தவரை எடுக்க வட்டமடித்துத் திரும்பும்போது பிடி விடாது, பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுப்பதால் படகு சீக்கிரம் தண்ணீர் மேல் ஏறும். அதே சமயம் அதே பிட்சில் மூன்று பிளேடைவிட நூறு சுற்று முன்பின் குறைக்கும். ஆகவே 19 பிட்சில் நாலு பிளேடு ஸ்டீல் வாங்கி மாட்டியிருந்தால் 4,700 என்பது 4,600 ஆகியிருக்கும்! காசு கொடுத்து நோயை வாங்கிய கதை. நாலு பிளேடுதான் வேண்டும் என்றால் 14 அல்லது 13 பிட்சில் வாங்குங்கள். மெர்க்குரியிலேயே ஸ்பிட்ஃபயர் என்று நாலு பிளேடு அலுமினியம் உண்டு, வேக்போர்டு வேலைக்கு அருமையானது. பின்பக்கத்தைத் தூக்குவதால் பின்னால் வரும் அலை கொஞ்சம் சிறுக்கும், அதைப் பின்பக்கம் எடை வைத்துச் சரிக்கட்டலாம்.

ஸ்டீல் நல்ல உலோகம். பிளேடு மெல்லிசாக இருந்தாலும் வளையாது, முழு த்ராட்டிலில் அலுமினியம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் இடத்தில் இது நிமிர்ந்து நிற்கும். கடலுக்கும் ஆழமான ஏரிக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் நம் ஊர் அணை எப்படிப்பட்டது? கே.ஆர்.பி. என்னும் கிருஷ்ணகிரி அணையின் முழு மட்டம் 52 அடி. 2017 நவம்பரில் ஷட்டர் உடைந்து தண்ணீர் வெளியேறியபோது நான் போய் நின்று பார்த்தேன். தண்ணீர் இருந்தபோது பளிங்கு மாதிரி தெரிந்த இடத்தில் யானை முதுகு போல பாறைகள், நடுவே பட்ட மரத்தின் அடிக்கட்டைகள். மட்டம் 5 அடி இறங்கினால் நேற்று ஓட்டிய வழி இன்று பாறை. அலுமினியம் பாறையில் பட்டால் பிளேடு மடங்கும், ஹப் வழுக்கும், சில ஆயிரத்தோடு போகும். ஸ்டீல் மடங்காது, அடியை உள்ளே கியருக்கும் ஷாஃப்டுக்கும் அனுப்பிவிடும். கீழ்ப்பகுதி முழுவதும் மாற்ற ஆகும் செலவில் இன்னொரு பழைய படகே பார்க்கலாம். ஸ்டீலிலும் ஹப் இருக்கிறது, அது காப்பாற்றும் என்பார்கள். காப்பாற்றும், சில சமயம். பாறையுள்ள தண்ணீரில் நான் அலுமினியத்தைத்தான் பலிக்கு விடுவேன்.

அணை என்றதும் இன்னொன்று. இங்கே தண்ணீர் நீர்வளத் துறையுடையது, அதில் வலை போட்டுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் அனுமதி வாங்காமல் படகை இறக்காதீர்கள். இன்ஜின் வைத்த படகுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும். ஒகேனக்கல் பக்கம் யோசிக்கவே வேண்டாம், அது காட்டுயிர் சரணாலயத்தை ஒட்டிய இடம், பாறை, முதலை, பரிசல் ஓட்டும் மக்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்கு, அங்கே பொங்கும் கழிவு நுரையைப் பார்த்தபிறகு நீங்களே போகமாட்டீர்கள்.

வலைக்கு வருவோம், இது புரொப்பல்லர் விஷயமும்தான். அறுந்து மிதக்கும் தூண்டில் நரம்பு ஒன்று சுற்றினால் வெளியே ஒன்றும் தெரியாது. புரொப்பல்லருக்குப் பின்னால் இருக்கும் வாஷரைத் தாண்டி உள்ளே போய், ஷாஃப்டைச் சுற்றி இறுகி, ஆயில் சீலைக் கத்தி போல அறுத்துவிடும். தண்ணீர் கியர் ஆயிலில் கலக்கும். நான் ஒரு முறை கழற்றியபோது கட்டை விரல் பருமனுக்கு நரம்பு, சூட்டில் உருகி ஒட்டி, பார்த்தால் மெழுகு மாதிரி. ஆயில் டீ நிறத்தில், நுரைத்த பாலோடு. அதனால் ஒவ்வொரு வாரம் ஓட்டி முடித்ததும் புரொப்பல்லரைக் கழற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். பத்து நிமிட வேலை.

கடையில் பார்க்கும்போது இரண்டு சங்கதி குழப்பும். ஒன்று கப். பிளேடின் பின்விளிம்பு முறத்தின் விளிம்பு போல லேசாக உள்ளே மடிந்திருக்கும். அது தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் பிட்சை அரை முதல் ஓர் அங்குலம் கூட்டியது போல வேலை செய்யும். பொறித்த எண் ஒன்றாக இருந்தும் இரண்டு புரொப்பல்லர் வெவ்வேறு ஆர்.பி.எம். தருவதற்கு இதுவே காரணம். மற்றொன்று, பிளேடு தொடங்கும் இடத்துக்குப் பின்னால் சின்னத் துளைகள். எழுந்திருக்கும்போது, புரொப்பல்லரின் நடுவழியாக வெளியேறும் இன்ஜின் புகையில் கொஞ்சம் அந்தத் துளை வழியாகக் கசிந்து பிளேடுக்குப் போகும், இன்ஜின் இலகுவாகச் சுற்றெடுக்கும், வேகம் வந்தபின் தண்ணீரே துளையைக் கடந்துவிடும். வேக்போர்டுக்கு நல்ல வசதி. இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டாலும் அழ வேண்டாம்.

உங்களில் ஒருவர் கணினி மெஷினால் உலோகம் வெட்டும் சி.என்.சி. கம்பெனியில் இருப்பதாகவும், அங்கேயே ஒன்றை வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓசூர்க்காரர்களுக்கே வரும் யோசனை! வெட்ட முடியும், அமெரிக்காவில் வேக் படகுகளுக்கு ஆக்மி என்ற பெயரில் அப்படித்தான் வெட்டுகிறார்கள். ஆனால் அது உள்ளே இன்ஜின் வைத்து, நீளமான ஷாஃப்டில் நிக்கல், அலுமினியம் கலந்த வெண்கலப் புரொப்பல்லர் மாட்டும் படகுகளுக்கு. அங்கே ஹப் கிடையாது, புகை நடுவழியாக வராது, விட்டம் பிட்ச் இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம், ஷாஃப்டின் கூம்பு அளவும் சுழலும் திசையும் பார்க்க வேண்டும், பிளேடு நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி விட வேண்டும். உங்களுக்கு இவை எதுவும் வேண்டாம். அலுமினிய வார்ப்பு ஒன்றை விலைக்கு வாங்குவது, நண்பரின் மெஷின் நேரத்தைவிட மலிவு. மடங்கிய பிளேடை நம் ஊர் வெல்டிங் கடையில் நிமிர்த்துவதும் வேண்டாம். மூன்று பிளேடும் ஒரே பிட்சில் வராது, அதிர்வு வரும், அதிர்வு சீலைத் தின்னும்.

மணல் மூட்டையைப் பின்னால் வைத்து ஓட்டியதாக எழுதியிருந்தீர்களே, அதை இன்றே இறக்குங்கள். அலை பெரிதாக வர எடை வைப்பது வழக்கம்தான். ஆனால் படகில் தண்ணீர் புகுந்தால் மணல் அதைக் கீழே இழுக்கும், தண்ணீர் இழுக்காது. 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்று 20 கிலோ, பத்து கேன் 200 கிலோ, வேண்டாதபோது கொட்டிவிடலாம். மூடியை இறுக்கி, உருளாமல் பட்டையால் கட்டுங்கள். படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள எடை வரம்பை ஆட்களும் கேனும் சேர்ந்து தாண்டக் கூடாது. இந்தக் கேன்கள் பிட்ச் சோதனைக்கும் உதவும். நண்பர்கள் வராத நாளில் மூன்று ஆள் எடைக்குப் பத்து கேன் வைத்து ஓட்டி ஆர்.பி.எம். எழுதிக்கொள்ளலாம்.

பின்னால் இழுபடுபவருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாதி நேரம் குற்றவாளி புரொப்பல்லர் அல்ல, அவர்தான். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கை நீட்டி, போர்டின் விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரிய உட்கார்ந்திருந்தால் படகே தூக்கிவிடும். சீக்கிரம் எழ முயன்று காலை நீட்டினால் போர்டு கதவு போல நின்று தண்ணீரை அடைக்கும், 200 எச்.பி.யும் பத்தாது. ஓட்டுபவர், இன்ஜின் சாயும் கோணத்தை மாற்றும் ட்ரிம்மை முழுக்க உள்ளே இழுத்துவைத்து, பயணிகள் இரண்டு பேரை முன்னால் அனுப்பிவிட்டு, கயிறு இறுகும்வரை மெதுவாகப் போய் அதன் பிறகு தள்ள வேண்டும். கயிறு 18 முதல் 23 மீட்டர், நீளாத வகை. கயிற்றை விட்டுவிட்டு, படகுக்கு நெருக்கமாக அலையில் போர்டோடு நிற்கும் வேக்சர்ஃப் விளையாட்டை மட்டும் இந்தப் படகின் பின்னால் முயலவே கூடாது. உங்கள் புரொப்பல்லர் படகுக்கு வெளியே, ஆள் விழும் இடத்தில் சுற்றுகிறது. விழுந்தவரை ஏற்றும்போதும் நியூட்ரல் போதாது, இன்ஜினை அணையுங்கள்.

15 பிட்ச் மாட்டியதும் ஒரு கவனம். இரண்டே பேர் போகும்போது த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் 6,000ஐத் தாண்டும். மீட்டரைப் பார்த்துக் கையை எடுத்துவிடுங்கள். அந்த 19ஐ விற்காதீர்கள். ஆழமான தண்ணீரில் குடும்பத்தோடு சும்மா சுற்ற அது இருக்கட்டும், பாறையில் பட்ட அன்று கரை சேர்க்கும் உதிரியும் அதுதான். படகில் எப்போதும் ஒரு ஸ்பேனர், ஒரு உதிரி நட்டு, அதன் வாஷர்.

மாட்டும் முறை: முதலில் சாவியையும் பாதுகாப்புக் கயிற்றையும் எடுத்துப் பையில் போடுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பழையதைக் கழற்றி ஷாஃப்டில் நரம்பு இருக்கிறதா பாருங்கள். பற்களை டீசலில் துடைத்து, கடல் கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் சுத்தியல்தான் பேசும். உள் வாஷர் போடும் திசை மாறக் கூடாது. புரொப்பல்லரை ஏற்றி, பிளேடுக்கும் மேல் தகடுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை அடைகொடுத்து, நட்டை 75 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். டார்க் ரெஞ்சு உங்கள் கம்பெனியில் கிடைக்கும். பிறகு வாஷரின் காதுகளில் பொருந்துவதை மடக்கிவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு தரம் இறுக்கம் பாருங்கள்.

ஓட்டிவிட்டு நாலு எண்களை எழுதி அனுப்புங்கள்: எடை மேடைச் சீட்டின் கணக்கு, அன்று படகில் இருந்த ஆட்களின் மொத்த எடை, முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம்., அப்போது ஜி.பி.எஸ். வேகம். 5,300, 5,500 என்று வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 5,200இல் நின்றால் அந்த நாலு பிளேடு 13 பற்றி மறுபடி பேசுவோம்.